பெங்களூர் வானொலியில் நம் பேட்டையின் குரல் கேட்குமா?

லிங்கராஜபுரத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெங்களூர் ஆகாசவாணியும் மற்ற உள்ளூர் வானொலிகளும் இந்த ஊரின் கலாசாரம், மக்கள் பிரச்சினை இவற்றையெல்லாம் பேசுகின்றனவா? இத்தனை லட்சம் தமிழர் இருந்தும் தமிழ் காதில் விழவில்லையே, ஏன்? நாங்கள் சிலர் சேர்ந்து தமிழுக்கென்றே ஒரு சமூக வானொலி தொடங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சமூக வானொலி என்பது ஒரு சிறு வட்டாரத்து மக்களின் பங்கேற்போடு, லாப நோக்கில்லாமல் நடக்கும் வானொலி. ஆகவே மொழியை வைத்து வானொலி தொடங்க நினைக்காதீர்கள். உங்கள் வார்டை வைத்து யோசியுங்கள். விதிகளும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, இந்த ஊரின் நிலவரமும் அப்படித்தான் இருக்கிறது. ராஜ்பவன் சாலையில் இருக்கும் ஆகாசவாணி நிலையத்தில் கேஷுவல் (நிரந்தரமில்லாத) அறிவிப்பாளராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன், பிறகு சமூக வானொலித் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆகாசவாணியிலிருந்தே ஆரம்பிப்போம். கன்னட வானொலி அரசாங்கம் திறந்துவைத்து வந்ததல்ல. மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935-இல் தன் வீட்டிலேயே 30 வாட் கருவியை வைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். அந்த நிலையத்துக்கு வைத்த பெயர்தான் ஆகாசவாணி. பிற்பாடு நாடு முழுவதுக்கும் அரசு வானொலியின் பெயராக அது ஆனது. மைசூர் நிலையம் 1955-இல் பெங்களூருக்கு மாறியது. இன்று சமூக வானொலிக்கு அனுமதிக்கிற திறன் 100 வாட். அதாவது கோபாலசாமி தொடங்கியதைவிடப் பெரிய கருவி! கன்னட வானொலியின் வேரே ஒரு வீட்டுக்கூடத்து உள்ளூர் வானொலிதான். இதை இங்குள்ள கன்னட நண்பர்களே பலர் மறந்துவிட்டார்கள்.

இப்போது பெங்களூர் ஆகாசவாணிக்கு நான்கு முகம். மத்திய அலையில் 612 கிலோஹெர்ட்ஸில் வரும் முதன்மை அலைவரிசை, பண்பலையில் 101.3 ரெயின்போ, 102.9 விவித்பாரதி, சாஸ்திரிய இசைக்கென்று 100.1 அம்ருதவர்ஷினி. காரில் போகும்போது ரெயின்போவைத் திருப்பிவிட்டு "சினிமாப் பாட்டுதானே வருகிறது" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. உள்ளூர்ச் சரக்கு இருப்பது 612-இல். காலையில் 'சிந்தன' என்ற சின்னப் பேச்சு, பிரதேச சமாச்சாரம் என்ற மாநிலச் செய்தி, விவசாயிகளுக்கான 'கிருஷி ரங்க', ஜானபதம் என்கிற நாட்டுப்புறப் பாட்டு, நாடகம் என்று அங்கே ஒரு தனி உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய அலையில் கரகரப்பு தாங்கவில்லை என்றால் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கேளுங்கள். அதே செயலியில் சென்னை, திருச்சி, கொடைக்கானல் நிலையங்களும் வருகின்றன. பெங்களூரில் தமிழ் வானொலி கேட்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் ஆசையாக இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் சென்னை நிலையம் நம் ஊர் அல்சூர் ஏரியைப் பற்றிப் பேசாது. உங்கள் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன்.

கலாசாரத்தைப் பொறுத்தவரை ஆகாசவாணியைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரைப் பௌர்ணமி வந்தால் கரகம், கார்த்திகைக் கடைசித் திங்கள் வந்தால் பசவனகுடி கடலேகாய் பரிஷே (வேர்க்கடலைத் திருவிழா) என்று அந்தந்தக் காலத்துப் பேச்சு வரும். இதில் கரகத்தைத் தமிழர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். தர்மராயசாமி கோயிலில் திரௌபதிக்காகக் கரகம் எடுப்பவர்கள் திகளர்கள். தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து தோட்டவேலையில் பெயர் எடுத்த சமூகம். கரகம் போகிற வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் நகரும். இதைவிடப் பெங்களூர்த்தனமான ஒன்றை எங்கே போய்த் தேடுவது? இதையெல்லாம் கன்னடத்தில் கேட்டால் நம்மவர்கள் 'அவர்கள் திருவிழா' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வானொலியின் குற்றமில்லை.

சமூகப் பிரச்சினை என்று வந்தால் கதை வேறு. ஆகாசவாணி பாணி என்னவென்றால், ஒரு துறை அதிகாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டங்களை விளக்கச் சொல்வது. கேள்விகள் முன்கூட்டியே தயாராகிவிடும். டியூட்டி ஆபீசர், கியூ ஷீட் என்கிற நிகழ்ச்சி வரிசைத் தாள், நிமிடக் கணக்கு என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆனால் தண்ணீர் டேங்கருக்குக் காத்து நிற்கிற பெண்மணி அந்த ஸ்டூடியோவுக்குள் வர வழியில்லை. நேயர் தொலைபேசியில் கேள்வி கேட்கிற நிகழ்ச்சிகளில் மட்டும் அந்தச் சுவர் கொஞ்சம் இளகும். ஆகாசவாணியை நடத்துகிற பிரசார் பாரதி 1997-இல் தன்னாட்சி அமைப்பாக நடைமுறைக்கு வந்த பிறகும் பழைய அரசு அலுவலக நடை முழுதாகப் போய்விடவில்லை.

சரி, தமிழ் ஏன் இல்லை? இரண்டு காரணம் சொல்வேன்.

முதல் காரணம், ஆகாசவாணி மொழிகளைப் பங்கிட்ட விதம். மாநில மொழி மாநில நிலையத்தில் என்பதுதான் அடிப்படை. டெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சரோஜ் நாராயண்சுவாமியின் குரலைக் கேட்டு நேரம் சரிபார்த்த தலைமுறை ஒன்று உண்டு. அவர் டெல்லியில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தி வாசித்தார். மும்பையில் பிறந்தவர் வேறு. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதனும் டெல்லி நிலையத்துக்காரர்தான். ஆனால் அந்தச் செய்தி எல்லாம் தமிழ்நாட்டுக்காகத் தயாரானது. டெல்லி கரோல்பாக் தமிழர்களின் பாடு அதில் ஒரு நாளும் வந்ததில்லை. வெளிமாநிலத் தமிழரை ஒரு ஊரின் குடிகளாகப் பார்க்கிற ஏற்பாடே அந்த அமைப்பில் கிடையாது. பெங்களூருக்கும் அதே கணக்கு.

இரண்டாவது காரணம், இந்த ஊரின் காயம். 1994 அக்டோபரில் பெங்களூர் தூர்தர்ஷன் பத்து நிமிட உருதுச் செய்தியைத் தொடங்கியது. நல்ல நேரத்தில் ஒளிபரப்பானது. எதிர்ப்பு கிளம்பி, கலவரமாகி, உயிர்கள் போயின. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1991-இல், காவிரிக் கலவரத்தைத் தமிழர்கள் பார்த்திருந்தார்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. பொது ஒலிபரப்பில் ஒரு மொழிக்குத் தனி நேரம் கொடுப்பது இங்கே வெறும் நிகழ்ச்சி அட்டவணை விவகாரமாக எப்போதும் இருந்ததில்லை. எந்த நிலைய இயக்குநரும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

தனியார் பண்பலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் தனியார் பண்பலையான ரேடியோ சிட்டி 2001 ஜூலையில் இந்த ஊரில்தான் தொடங்கியது. தனியாருக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, ஏலத்தில் எடுத்த பணத்தை விளம்பரத்தில்தான் மீட்க வேண்டும். ஆகவே பாட்டு, பேச்சு, பரிசுப் போட்டி. போக்குவரத்து நெரிசல் தகவல் நன்றாகவே தருகிறார்கள்.

இனி சமூக வானொலி. இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

சமூக வானொலி கேட்டுக் குரல் எழுந்த ஊர்களில் பெங்களூர் முக்கியமானது. 1996-இல் இங்கே கூடியவர்கள் வெளியிட்ட பெங்களூர் பிரகடனம் அந்த இயக்கத்தின் தொடக்கக் கல். அதற்கு முந்தைய ஆண்டு, அலைக்கற்றை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வழக்கு கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றியது. பலன் வானொலிக்கும் சேர்ந்து கிடைத்தது. ஆனால் தீர்ப்பு வந்தவுடன் கதவு திறந்துவிடவில்லை. கோலார் மாவட்டத்து பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' (நம் குரல்) என்று ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் நிகழ்ச்சி தயாரித்தார்கள். அலைவரிசைக்கு அனுமதி கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கேபிள் டிவி கம்பி வழியாகவே ஒலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். காற்றில் போனால்தானே உரிமம் கேட்பாய் என்கிற சாமர்த்தியம். தங்கவயலுக்குப் பக்கத்து ஊர் அது, நம்மவர்கள் ஒரு தரம் போய்ப் பார்க்கலாம்.

2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி வந்தது; 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் முதலாவதாகத் தொடங்கியது. 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி விட்டார்கள். பெங்களூரில் 2007-இல் ஜெயின் கல்விக் குழுமத்தின் 'ரேடியோ ஆக்டிவ்' 90.4-இல் வந்தது. கல்லூரி நடத்துகிற வானொலி என்றால் மாணவர்கள் பாட்டுப் போடுவார்கள் என்று நினைப்போம். இவர்கள் திருநங்கை ஒருவரையே தொகுப்பாளராக உட்கார வைத்துத் திருநங்கையர் வாழ்க்கையைப் பேச வைத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்களுக்காக அவர்களில் ஒருவரே நிகழ்ச்சி நடத்தினார். வீட்டுவேலை செய்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஆகாசவாணி ஸ்டூடியோவில் 'பயனாளி' என்ற பெயரில் மட்டும் வந்துபோகிறவர்கள் இங்கே மைக்கைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். கன்னடம்தான் முதுகெலும்பு, ஆனால் பேச வருகிறவர் நாக்கில் எந்த மொழி இருக்கிறதோ அதுவும் கூடவே வரும்.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும். நகரத்துக் குப்பை கொட்டப்பட்டு வந்த மாவள்ளிபுரா, மண்டூர் கிராமத்தார் 2012-இல் குப்பை லாரிகளை மறித்த பிறகுதான் பெங்களூர் குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றித் தீவிரமாக யோசித்தது. வார்டுக்கொரு உலர்கழிவு மையம் வரத் தொடங்கியதும் அந்தக் காலகட்டத்தில்தான். தொண்டர்களோடு அப்படி ஒரு மையத்துக்குப் பதிவுக்குப் போனோம். தகரக் கூரை, மேலே மின்விசிறி கடகடவென்று. முதலில் அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. தரம் பிரிக்கிற அம்மாவின் தாய் வீடு திருவண்ணாமலைப் பக்கம். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டங்களில் கேட்டுப் பழகிய கன்னடத்தில், "நாகரிகரு கஸவன்னு விங்கடிஸி கொடபேக்கு" என்று ஒப்பித்தார். பிரித்துக் கொடுங்கள் என்பதுதான் செய்தி. ஆனால் அதைச் சொல்ல அவர் தேவையில்லை. சுவரொட்டியே சொல்லிவிடும்.

தொண்டர் ஒருத்தி, இருபது வயதுப் பெண், கேள்வியை மாற்றினாள். "அக்கா, கையில அது என்ன தழும்பு?" அவ்வளவுதான். தமிழ் கொட்டியது. உடைந்த டியூப்லைட்டைத் துணிப்பையில் சுற்றிப் போட்டிருந்தது, பால் கவரை அலசாமல் போட்டால் மத்தியானத்துக்குள் நாறுவது, நாப்கினைப் பேப்பரில் மடிக்காமல் வீசுகிற அடுக்குமாடி எது என்பது, எந்தத் தெருவில் எந்த வீட்டம்மா மோர் கொடுப்பார் என்பது வரை. நடுவில் கன்னடம், கொஞ்சம் தெலுங்கு. பெங்களூரில் பிழைக்கிறவர் பேச்சே அப்படித்தான்.

ஸ்டூடியோவில் எடிட் செய்யும்போது, கன்னடத்தில் குரல் கொடுத்து மேலே ஒட்டிவிடலாமா என்று பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவானது. அவர் தமிழ் அப்படியே போனது. முன்னும் பின்னும் தொகுப்பாளர் கன்னடத்தில் இரண்டு இரண்டு வரி சொன்னார். அந்த நிகழ்ச்சியை யாரும் 'தமிழ் நிகழ்ச்சி' என்று நினைக்கவில்லை. அந்த வார்டில் குப்பை எடுக்கிற ஒருத்தி பேசுகிறாள் என்று கேட்டார்கள். அந்த அடுக்குமாடியின் சங்கத்திலிருந்து கன்னடத்தில்தான் தொலைபேசி வந்தது, கொஞ்சம் கோபமாகவே. தமிழுக்குத் தனி நேரம் கேட்டு மனுக் கொடுத்திருந்தால் இந்த ஐந்து நிமிடம் எப்போது கிடைத்திருக்கும்?

இனி நீங்களே தொடங்குவது பற்றி. தனிநபருக்கு உரிமம் கிடையாது. அரசியல் கட்சிக்கும் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கும் கிடையாது. பதிவு செய்து குறைந்தது மூன்று ஆண்டு ஆன தொண்டு அமைப்பு, கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம் போன்றவை விண்ணப்பிக்கலாம். உள்துறை, பாதுகாப்புத் துறை ஒப்புதல், பிறகு அலைவரிசை ஒதுக்கீடு, பிறகு ஒப்பந்தம். பொறுமை வேண்டும். 100 வாட்டில் ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் கேட்கும் என்பது கணக்கு. பெங்களூர்க் கட்டடங்களுக்கு நடுவே ஐந்தை நம்புங்கள். இங்கேதான் மொழிவாரி யோசனை உடைகிறது. ஸ்ரீராமபுரம், அல்சூர், நீலசந்திரா, லிங்கராஜபுரம், டி.ஜே. ஹள்ளி என்று தமிழர் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு கோபுரத்திலிருந்து இவர்கள் எல்லோரையும் எட்ட முடியாது. எட்டுகிற வட்டத்துக்குள் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தமிழர் அல்லாதவர்கள். விதிப்படி நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்த வட்டத்து மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும். சமூகம் என்று விதி சொல்வது அந்த வட்டத்தைத்தான். பாம்பனில் 'கடல் ஓசை' மீனவர்களுக்கென்றே 2016 முதல் இயங்குகிறது என்றால், அங்கே தொழிலும் நிலமும் ஒரே இடத்தில் கூடிவருகின்றன. நம் ஊரில் அந்த வசதி இல்லை.

பணமும் சின்ன விஷயமில்லை. கருவி வாங்க மானியம் உண்டு, ஆனால் மாதாமாதம் மின்சாரம், இரண்டு மூன்று பேருக்குச் சம்பளம், கோபுரப் பராமரிப்பு எல்லாம் உங்கள் தலையில். 2024 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியபோது விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தினார்கள். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 52 ரூபாய் என்பது 74 ஆனது. உரிமக் காலமும் பத்து ஆண்டானது. நல்ல மாற்றம்தான். என்றாலும் இந்தியா முழுதும் இருக்கிற ஏறத்தாழ 500 நிலையங்களில் பின்னால் ஒரு கல்லூரியோ பெரிய தொண்டு நிறுவனமோ இல்லாமல் நின்றவை குறைவு என்பது என் அனுபவம்.

செய்தி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பலாமே தவிர, சொந்தமாகச் செய்தியும் அரசியல் விமர்சனமும் சமூக வானொலியில் கூடாது. ஆனால் குடிநீர், மின்தடை, வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு இவை செய்தி என்ற கணக்கில் வராது. 2013 ஜனவரியில் எஜிபுரா குடியிருப்பு இடிக்கப்பட்டு ஏழைக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தனவே, அதை அன்றைக்குச் செய்தியாகச் சொல்ல முடியாது. அங்கிருந்து போன பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், ரேஷன் அட்டை முகவரி என்ன ஆயிற்று என்று பேசலாம். கைகட்டிப் போட்ட விதி என்று திட்டுகிறவர்கள் உண்டு, நானும் திட்டுவேன். அதே விதி நம்மைப் பரபரப்பிலிருந்து தள்ளி வைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே நான் சொல்வது இது. ஏற்கெனவே இருக்கிற நிலையத்துக்குள் போங்கள். பேசத் தெரிந்த இரண்டு பேர், எடிட் கற்றுக்கொள்ளத் தயாரான ஒருவர், வாரம் அரை மணி நேரத்துக்குச் சரக்கு. இது போதும். "தமிழ் நேரம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "எங்கள் வார்டைப் பற்றிப் பன்னிரண்டு நிகழ்ச்சி கொண்டுவருகிறோம்" என்று தலைப்புகளோடு போங்கள். தலைப்புக்கா பஞ்சம்? சிவாஜிநகர் மாதா திருவிழாவில் செப்டம்பர் 8 அன்று தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிக் கேட்கிற ஜெபம். ஆடி மாதத்தில் ஒவ்வொரு சந்திலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்டா கொடுக்கிற கன்னட வீடு. 2001 பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கம் மூடிய பிறகு மாரிக்குப்பத்திலிருந்து தினமும் விடியலில் ரயிலேறி பெங்களூர் வந்து வேலை பார்த்து ராத்திரி திரும்புகிறவர்கள். கடைசியில் சொன்னதை மட்டும் எடுத்தால், அந்த ரயில் பெட்டிக்குள்ளேயே ஒரு வருடத்துக்கு நிகழ்ச்சி இருக்கிறது.

ஆகாசவாணிக்கும் போகலாம். கேஷுவல் அறிவிப்பாளர், நாடகக் குரல், இசை என்று தனித்தனி ஆடிஷன் நடக்கும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமல் அங்கே உள்ளே நுழைய முடியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்திருப்பார்களே, அவர்களை அனுப்புங்கள். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளை கன்னடத்தில் திகளர் பேட்டையைப் பற்றிப் பேசினால் நிலையத்தில் சந்தோஷமாகவே கேட்பார்கள்.

உடனே ஒன்று செய்ய வேண்டும் என்றால், செல்பேசியிலேயே பதியத் தொடங்குங்கள். செல்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, குக்கர் இல்லாத அறையில், காற்றாடியை நிறுத்திவிட்டு, உங்கள் தெருவில் முப்பது ஆண்டுக்கு மேல் இருக்கிற ஒருவரைப் பேச விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். நிலையத்துக்குப் போகும்போது திட்ட அறிக்கையைவிட இந்த ஐந்து நிமிடம்தான் அங்கே இருப்பவர்களை உட்கார்ந்து கேட்க வைக்கும். பேசியவரிடம் ஒலிபரப்பச் சம்மதம் என்று பதிவின் கடைசியிலேயே சொல்ல வைத்துவிடுங்கள்; பிற்பாடு தேடிப்போய் வாங்குவது பெரும்பாடு.